பதினாறு அடிச் சுற்றளவில் ஒரு பாவாடை

டெக்சாஸில் இருக்கும் ஒரு தமிழ் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினைந்து வயது, மகனுக்குப் பதினேழு. இருவரும் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் அடுத்த மாதம் ‘சாக் ஹாப்’ நடன மாலையாம். எல்லாரும் 1950-களின் அமெரிக்கப் பிள்ளைகள் மாதிரி உடுத்திக்கொண்டு வர வேண்டும். கடையில் பாக்கெட்டில் விற்கிற உடையை வாங்கலாமா, வீட்டிலேயே தைக்கலாமா, நீளமான தலைமுடியை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறார்: “அந்தக் காலத்தில் என்னை மாதிரிப் பெண்ணை உள்ளே விட்டிருப்பார்களா அம்மா என்று மகள் கேட்கிறாள். அதற்கு என்ன சொல்வது?”

நான் இங்கே ஒரு பள்ளி நாடகக் குழுவுக்குப் பல வருடமாக உடை தைத்துக் கொடுக்கிறேன். இந்த வட்டப் பாவாடை மட்டும் நாற்பதுக்கு மேல் வெட்டியிருப்பேன். அதனால் துணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மகளின் கேள்விக்கான பதிலும் துணியோடு துணியாகவே வரும்.

முதலில் அழைப்பிதழை இன்னொரு தடவை பாருங்கள். ‘ப்ராம்’ என்று இருந்தால் அது பட்டு, நெட், நீளக் கவுன், மணிக்கட்டில் பூ என்று போகிற வேறு விஷயம். சாக் ஹாப் அப்படியில்லை. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து ஆடுகிற அதே மரத்தரையில் நடப்பது. கெட்டித் தோல் அடிப்பாகம் வைத்த ஷூ, வார்னிஷ் போட்ட தரையில் கீறல் போட்டுவிடும். அதனால் பிள்ளைகள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு சாக்ஸோடு ஆடினார்கள். பெயரே அப்படித்தான் வந்தது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது சாக்ஸ். பல பேர் பாவாடைக்குப் பாடுபட்டுவிட்டு, காலில் ஏதோ ஒரு மெல்லிய ஸ்போர்ட்ஸ் சாக்ஸைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தடிமனான வெள்ளைப் பருத்தி, கணுக்காலுக்கு மேல் வந்து ஒரு மடிப்பு விழ வேண்டும். இதற்கு ‘பாபி சாக்ஸ்’ என்று பெயர். 1940-களில் பதின்வயதுப் பெண்கள் கூட்டத்தையே இந்த சாக்ஸை வைத்துத்தான் பத்திரிகைகள் அழைத்தன. 1944 அக்டோபர் 12 அன்று பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவைப் பார்க்க நியூயார்க் பாரமவுண்ட் தியேட்டர் முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் இவர்கள்தான். ஷூ வாங்கியே ஆக வேண்டும் என்றால் ‘சாடில் ஷூ’: வெள்ளை ஷூவின் நடுவில் கறுப்போ பழுப்போ ஒரு பட்டை. வீட்டில் சாதாரண வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்தால் அதுவே போதும், எப்படியும் கழற்றத்தானே போகிறாள்? ஒன்று மட்டும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் சில பள்ளிகள் வழுக்கும் என்று சாக்ஸோடு ஆட விடுவதில்லை.

இனி பாவாடை. ஒரு நாய்க்குட்டிப் படம் ஒட்டிய வட்டப் பாவாடைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அதை முதலில் தைத்தவர் ஜூலி லின் ஷார்லட் என்ற பாடகி. 1947, லாஸ் ஏஞ்சலிஸ். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போக வேண்டும், புது உடை வாங்கப் பணமில்லை, தைக்கவும் தெரியாது. அவருடைய அம்மாவின் தொழிற்சாலையில் ஃபெல்ட் துணி இருந்தது. ஃபெல்ட் நெய்த துணி அல்ல. இழைகளை அழுத்திப் படியவைத்துச் செய்வது. அதனால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, ஓரம் மடித்து அடிக்க வேண்டியதில்லை. அகலமாகவும் கிடைக்கும், ஒட்டுப் போட வேண்டாம். ஒரு பெரிய வட்டம், நடுவில் இடுப்புக்கு ஓர் ஓட்டை, மேலே கிறிஸ்துமஸ் மர வடிவங்களை வெட்டி ஒட்டினார். பெவர்லி ஹில்ஸ் கடை ஒன்று அதை வாங்கி விற்றது. பண்டிகை முடிந்த பிறகு நாய்ப் படம் வந்தது. அதுவும் முதலில் டாஷ்ஹண்ட், அப்புறம்தான் பூடில். அவர் 2024-இல் 101 வயதில் காலமானார். தைக்கத் தெரியாத ஒருவர் ஒரே மூச்சில் செய்து முடித்த உடை என்பதால்தான் நீங்களும் வீட்டிலேயே செய்யலாம் என்று தைரியமாகச் சொல்கிறேன். பாக்கெட்டில் வரும் உடை பெரும்பாலும் அரை வட்டம்கூட இருக்காது. சுற்றும்போது எழும்பாது.

அளவுக்கு வருவோம். மகளின் இடுப்பு 28 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். பிளவுஸை உள்ளே செருகிய பிறகு அளந்ததாக இருக்கட்டும். 28-ஐ 6.28-ஆல் (அதாவது 2 × பை) வகுத்தால் கிட்டத்தட்ட நாலரை. அதுதான் நடு ஓட்டையின் ஆரம். ஆனால் நாலரையில் வெட்டிவிடாதீர்கள். இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைக்க அரை அங்குலம் வேண்டும், எனவே வெட்டுவது 4 அங்குலத்தில், தையல் விழுவது நாலரையில். இந்த இடத்தில் கை நடுங்காமல் இருக்க வேண்டும். ஆரத்தில் கால் அங்குலம் கூடினாலே சுற்றளவில் ஒன்றரை அங்குலம் கூடிவிடும், பாவாடை இடுப்பில் நிற்காது. பயமாக இருந்தால் சின்னதாக வெட்டிக் கட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். பெரிய ஓட்டையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது.

பாவாடையின் நீளம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். சராசரி உயரப் பெண்ணுக்கு 26 அங்குலம் சரியாக இருக்கும். நாலரையும் 26-ம் சேர்ந்து முப்பதரை. முழு வட்டத்துக்கு 61 அங்குலச் சதுரம் தேவை. 72 அங்குல அகலத்தில் வரும் ஃபெல்ட்டில் ஒன்றேமுக்கால் கஜம் வாங்கினால் போதும். நாலாக மடித்து ஒரே வெட்டாக வெட்டலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஃபெல்ட் தடிமன், நாலு மடிப்பில் உள் மடிப்பு நகர்ந்து ஓரம் அலையலையாக வந்துவிடும். நான் இரண்டாக மட்டும் மடித்து, மடிப்பின் நடுவில் அளவு டேப்பின் முனையைக் குண்டூசியால் குத்தி வைத்து, அதைச் சுற்றி சாக்பீஸால் அரை வட்டம் வரைவேன். நேரம் கொஞ்சம் கூட ஆகும், வட்டம் வட்டமாக வரும்.

28 அங்குல ஓட்டை தோளிலும் ஏறாது, இடுப்பெலும்பிலும் இறங்காது. அதனால் இடது பக்கம் மேலிருந்து 7 அங்குலம் கீறி ஜிப் வைக்க வேண்டும். பட்டி 29 அங்குலம், ஓர் அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி கொக்கி மாட்ட. கடையில் கிடைக்கிற ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் உருகிவிடும். மேலே ஒரு பழைய வேட்டித் துணியை விரித்து, மிதமான சூட்டில் தேயுங்கள்.

படம் பூடிலாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அன்றைக்கே டெலிபோன், இசைத்தட்டு, பூக்கள் என்று என்னென்னவோ ஒட்டினார்கள். மகளுக்குப் பிடித்த ஒன்றை வரைந்து வெட்டி, ஓரத்தைக் கையாலேயே பொடித் தையலாகப் போடுங்கள். பசை மட்டும் போட்டால் ஆட்டத்தில் உரிந்து வந்துவிடும். நாயாக இருந்தால் கழுத்திலிருந்து ஒரு ஜிக்ஜாக் லேஸ் வளைந்து வளைந்து இடுப்பு வரை போக வேண்டும். பார்க்கிறவரின் கண்ணை மேலே இழுத்துப் போவதே அந்தக் கயிறுதான்.

இந்தப் பாவாடையின் கீழ் ஓரத்தை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட 16 அடி வரும். இவ்வளவு துணியை எதற்கு ஒரு பாவாடையில் கொட்டினார்கள் என்பதற்கு முந்தைய வருடங்களைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அமெரிக்க அரசு எல்-85 என்று ஓர் உத்தரவு போட்டுப் பாவாடையின் நீளத்துக்கும் சுற்றுக்கும்கூட வரம்பு வைத்தது. போர் முடிந்தது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் என்ற உடை வடிவமைப்பாளர் இடுப்பைச் சிறுத்து, பாவாடையை விரித்து ஒரு வரிசை உடைகளைக் காட்டினார். அளந்து அளந்து உடுத்திச் சலித்தவர்களுக்கு அந்த விரிவே ஒரு விடுதலையாக இருந்தது. அதே வருடக் கடைசியில்தான் ஷார்லட் தன் ஃபெல்ட்டை வெட்டினார். உங்கள் மகள் சுற்றும்போது பறக்கப்போவது ஐந்து வருடத் தட்டுப்பாட்டுக்கு வந்த பதில்.

உள்ளே ஒன்று கட்டாமல் இந்தப் பாவாடை நிற்காது. அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். லெஹங்காவுக்குள் போடுகிற கேன்கேன் பாவாடை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நிச்சயம் இருக்கும். வேலை ஒன்றுதான், அதே நெட், அதே அடுக்கு. நீளத்தை மட்டும் மேல் பாவாடையைவிட இரண்டு அங்குலம் குறைவாக மடித்துத் தைத்துவிடுங்கள். நெட் நேரடியாகத் தொடையில் பட்டால் அரித்துப் புண்ணாக்கும், உள்ளே பருத்தி உள்பாவாடையோ, சைக்கிள் ஷார்ட்ஸோ இருக்கட்டும். சுற்றும்போது மானத்துக்கும் நல்லது. அந்தக் காலத்துப் பெண்கள் உள்பாவாடை விறைப்பாக நிற்கச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தார்கள். நாம் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிற மாதிரிதான். ஆனால் சர்க்கரை வியர்வையில் பிசுபிசுக்கும். ஸ்ப்ரே கஞ்சியே போதும்.

மேலே வட்டக் காலர் வைத்த வெள்ளை பிளவுஸ், அல்லது உடம்போடு ஒட்டிய அரைக்கை ஸ்வெட்டர். ஒரு கார்டிகனைப் பின்பக்கம் பொத்தான் வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொள்வதும் அன்றைக்குப் பெரிய ஸ்டைல். அது வீட்டில் இருக்கிற உடையிலேயே ஆகிவிடும். கழுத்தில் ஒரு ஷிஃபான் துண்டு, பழைய துப்பட்டாவிலிருந்து 22 அங்குலச் சதுரமாக வெட்டி, மூலைவாட்டில் பட்டையாக மடித்து, பக்கவாட்டில் முடிச்சு.

ஃபெல்ட் பாவாடை பிடிக்கவில்லை என்றால், நான் இன்னும் விரும்புகிற ஒன்று இருக்கிறது: பருத்திச் சட்டை-கவுன். மேலே சட்டை மாதிரிக் காலரும் பொத்தானும், இடுப்பில் பெல்ட், கீழே அகலமான பாவாடை. பெரும்பாலான பெண்கள் தினமும் பள்ளிக்குப் போனது இந்த மாதிரி உடைகளில்தான், பல வீடுகளில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து தைத்தது. நாய்ப் பாவாடை ஒரு மோகம், வந்து போனது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு குறிப்பிட்ட உடைதான் கண்ணில் நிற்கும். மகளின் கேள்விக்கு நான் சொல்லும் பதிலும் அந்த உடைதான்.

1957 செப்டம்பர் 4. ஆர்கன்சா மாநிலம், லிட்டில் ராக் நகரம். வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போகிறார்கள். கறுப்பு, வெள்ளை என்று பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இலேயே சொல்லிவிட்டது. அன்று காலை எல்லாரும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அவர்களில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் டெலிபோன் இல்லை, அந்தச் செய்தி அவருக்கு வரவில்லை. பதினைந்து வயதில் தனியாகப் போனார். ஆளுநர் அனுப்பிய காவற்படை வழி விடவில்லை. பின்னால் ஒரு கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. அப்போது எடுத்த அவருடைய புகைப்படத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். முகங்களைப் பார்த்த பிறகு உடையைப் பாருங்கள். மேலே வெள்ளைப் பருத்தி, பாவாடையின் கீழே அகலமாகக் கட்டம் போட்ட கிங்கம் துணி. பள்ளியின் முதல் நாளுக்கென்று வீட்டில் தைத்த உடை அது. ஓரம் எவ்வளவு நேராக விழுந்திருக்கிறது, இஸ்திரி எப்படி நிற்கிறது என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் எவ்வளவு ஆசையோடு அந்தப் பள்ளிக்குக் கிளம்பியிருக்கிறார் என்பது அந்த ஓரத்தில் இருக்கிறது. பிறகு ராணுவப் பாதுகாப்போடு அந்த ஒன்பது பேரும் வகுப்புக்குப் போனார்கள். ஆனால் வகுப்புக்கு வெளியே பள்ளியில் நடக்கும் எதிலும் அவர்களைச் சேர்க்கவில்லை.

எனவே மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: பல ஊர்களில் விட்டிருக்க மாட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் அன்று அமெரிக்காவில் மிகக் குறைவு. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்ததே 1946-இல்தான், அப்போதும் புதிதாகக் குடியேற வருடத்துக்கு 100 பேர் என்று வரம்பு. கதவு அகலமாகத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு.

அதோடு நிறுத்திவிடாதீர்கள், அடுத்த பாதியையும் சொல்லுங்கள். இந்த உடையும் ஆட்டமும் வெள்ளைப் பிள்ளைகளின் தனிச் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. கறுப்பினப் பெண்களும் இதே விரிந்த பாவாடை, இதே பாபி சாக்ஸ் போட்டுக்கொண்டு தங்கள் பள்ளிகளில், தங்கள் கூடங்களில் ஆடினார்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1957 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்க ஒளிபரப்பான ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் ஆடக் கற்றது. கறுப்பினப் பிள்ளைகளை அந்த அரங்குக்குள் பெரும்பாலும் விடவில்லை. ஆனால் அங்கே ஆடிய ‘ஸ்ட்ரோல்’ அவர்களுடைய ஆட்டம். பக்கத்து டெலவரில் மிட்ச் தாமஸ் நடத்திய கறுப்பினப் பிள்ளைகளின் நடன நிகழ்ச்சியில் பார்த்துக் கற்றது. இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, நடுவில் ஒரு ஜோடி நடந்து வருகிற ஆட்டம். எளிது, அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அன்றைக்குக் கூடத்தில் அவள் ஆரம்பித்து வைக்கட்டும்.

மகனுக்கு வருகிறேன். தோல் ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டிருப்பான். அந்த உருவம் நமக்குப் பதிந்ததற்கு 1970-களில் திரும்பிப் பார்த்து எடுத்த படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரிய காரணம். 1978-இல் வந்த ‘கிரீஸ்’ அதில் முக்கியமானது. 50-களில் தோல் ஜாக்கெட்டும் ஜீன்ஸும் போட்டு வந்தால் பல பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டன. நான் சொன்ன பேண்ட்ஸ்டாண்டிலேயே ஆண் பிள்ளைகள் கோட்டோ ஸ்வெட்டரோ போட்டு டை கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நடனத்துக்குப் போன நிஜப் பையன் காக்கி பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை, வி-கழுத்து ஸ்வெட்டர், லோஃபர் ஷூ என்றுதான் இருப்பான். அவன் பள்ளி அணியில் விளையாடுகிறவன் என்றால் பள்ளிப் பெயரின் முதல் எழுத்தைத் தைத்த ஸ்வெட்டர் இன்னும் பொருத்தம். அந்த வழக்கம் 1865-இல் ஹார்வர்ட் பேஸ்பால் அணியில் தொடங்கியது. தோல் ஜாக்கெட்டில்தான் பிடிவாதம் என்றால் விட்டுவிடுங்கள், அவனுக்கும் அது ஓர் ஆசை. உள்ளே சுத்தமான வெள்ளை டி-ஷர்ட், ஜீன்ஸின் கீழே இரண்டு அங்குல மடிப்பு.

ஆனால் நான் அவனுக்குத் தைப்பதாக இருந்தால் மெட்ராஸ் கட்டச் சட்டைதான் தைப்பேன். நம் கைலியில் வருகிற அதே நூல்சாயக் கட்டம். 50-களின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் இதற்கு அலைந்தார்கள். ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று ஒரு வகை வந்தது. கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் ஏற்றுமதி செய்த கைத்தறித் துணி 1958-இல் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உடை நிறுவனம் வழியாக விற்பனைக்கு வந்தது. துவைத்தால் சாயம் ஓடியது. வாங்கியவர்கள் கோபப்பட, துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகிப் புது அழகு தரும் என்று அந்தக் குறையையே பெருமையாக மாற்றி விளம்பரம் செய்தார்கள். சாயம் ஓடுவதாலேயே விலைபோனது. அன்று நம் ஆட்கள் அந்தக் கூடங்களில் கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர்ப் பெயர் சொன்ன துணி இருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால் நல்ல பருத்திக் கட்டத் துணி இரண்டரை மீட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். தைக்கும்போது பாக்கெட்டின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு கோடு பிசகாமல் சேர வேண்டும். நல்ல தையல்காரரை அந்த ஒரு இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். முதல் தடவை தனியாகத் துவையுங்கள்.

தலைமுடி. பையனுக்குப் பக்க வகிடு எடுத்து, முன்முடியைத் தூக்கி வாரி, விரல்நுனி அளவு ப்ரில்கிரீம். தாத்தாவின் அலமாரியில் இருந்த அதே ப்ரில்கிரீம்தான் அங்கேயும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கூடத்துச் சூட்டில் நெற்றியில் வழியும்.

மகளுக்கு உயரத்தில் குதிரைவால். முந்தின நாளே எண்ணெய் போகத் தலைக்குக் குளிக்கட்டும். முடி பாதி ஈரமாக இருக்கும்போதே மூன்று நான்கு பின்னலாக இறுக்கிப் பின்னிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். காலையில் அவிழ்த்தால் சூடே காட்டாமல் அலை விழுந்திருக்கும். இடுப்பு வரை முடி என்றால் குதிரைவாலின் நுனியை உள்பக்கமாகச் சுருட்டி, வாலின் நடுவிலேயே ஊசி குத்திப் பாதி நீளமாக்கிவிடலாம், வெட்ட வேண்டாம். முன்னால் நாலு முடியை எடுத்து நெற்றியில் ஒரு சுருள். உதட்டில் சிவப்பு, கண்ணில் கொஞ்சமாக மை, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நம் நிறத்துக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பைவிட அடர்ந்த செங்கல் சிவப்பு எடுப்பாக இருக்கும். கண்ணாடி போடுகிற பெண் என்றால் அதிர்ஷ்டம். ஓரம் மேலே ஏறிய ‘கேட்-ஐ’ பிரேம் அந்தக் காலத்து அடையாளம். 1930-களில் அல்டினா ஷினாசி என்ற பெண்தான் அதை வடிவமைத்தார்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கேன்கேனைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினால் பாவாடை முகத்துக்கு எழும்பும், சீட் பெல்ட் போட முடியாது, போய் இறங்குவதற்குள் நெட்டெல்லாம் மசிந்துவிடும். கேன்கேனை உள்வெளியாகத் திருப்பி, சுருட்டி ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். பள்ளிக் கழிவறையில் கட்டிக்கொள்ளட்டும். நாடாவுக்கு மாற்றாக ஒரு ஊக்கும், கூடுதலாக ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸும் அதே உறைக்குள் இருக்கட்டும்.